வேலியோரச் செங்காந்தள்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி மழை பிடித்ததும் செங்காந்தள் (கண்வலிப்பூ, கார்த்திகைப் பூ என்பதும் இதுதான்) பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவை அதிகம் என்பதால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் பக்கம் முன்பெல்லாம் கிளுவை வேலி நெடுகக் கண்வலிப்பூ பூத்துக் கிடக்கும். இப்போது வேலியில் ஒன்றுகூட இல்லை. ஆனால் பக்கத்துத் தோட்டங்களில் ஏக்கர் கணக்கில் பயிராக நிற்கிறது. பயிராகப் பெருகும் செடி வேலியில் மட்டும் ஏன் குறைகிறது?
– வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டம்

பயிராகப் பெருகுவதும் வேலியில் குறைவதற்கு ஒரு காரணம். கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் விளங்கும். அது கலப்பை மாதிரி இரண்டு கை விரித்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கைப் போல உடம்பெல்லாம் கண் கிடையாது. மழைக்கு முளைத்த கொடி பழைய கிழங்கின் சத்தை உறிஞ்சி வளரும். பழையது சுருங்கிச் சக்கையாகும். கொடியின் அடியில் புதுக் கிழங்கு உருவாகும். அதற்கும் இரண்டே கைகள். ஆக, ஒரு கிழங்கு அடுத்த வருடம் மிஞ்சிப்போனால் இரண்டு செடியாகும். ஒரு நுனி ஒடிந்துவிட்டால் அந்தக் கை முளைக்காது.

இப்போது தோட்டக் கணக்குக்கு வாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி நடவுக் கிழங்கு ஒவ்வொன்றும் 50 முதல் 60 கிராம் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு சுமார் 2,000 கிலோ தேவை. ஏக்கருக்கு 800 கிலோ, அதாவது பதின்மூன்றாயிரத்துக்குக் குறையாத கிழங்கு. விதையிலிருந்து உருவாக்கலாம் என்றால் பூக்கும் பருவத்துக்கு வர மூன்று, நான்கு வருடம் பிடிக்கும். மருந்து ஆலைகள் வாங்கும் விதையின் விலை ஏறிய வருடத்தில் புதிதாக இறங்குகிறவர் அவ்வளவு காலம் காத்திருப்பாரா? கிலோ கணக்கில் வாங்குகிறார். அப்படி வாங்குவதில் ஒரு பகுதி குன்றோரப் புதர்க்காட்டிலும் வேலியிலும் தோண்டி வந்தது. தோண்டுகிறவர் பெரிய கிழங்காகப் பார்த்துத்தான் எடுப்பார். பூத்துக் காய்க்கக்கூடியது அதுதான். விட்டுவிட்டுப் போகிற பொடிக் கிழங்குகளில் இலை வரும், பூ வராது, விதை விழாது. அதனால் முதல் சில வருடம் செடி இருப்பதுபோலவே தெரியும்.

இன்னொரு காரணம் வேலியே போய்விட்டது. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் முள்கம்பியும் போடும்போது ஜேசிபி வேலியடி மண்ணைப் புரட்டிவிடுகிறது. ஏர் படாமல், இலைச் சருகு மூடி, அரை நிழலில் கிடந்த அந்த ஒன்றரை முழ அகல மண்தான் காந்தளின் வீடு. பிறகு கம்பியடியில் புல் வளராமலிருக்கக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். தப்பிய கிழங்கும் முளைத்த இலை வழியாகவே மருந்தை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

உலகக் கணக்கில் இது அரிய செடியல்ல. ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா எங்கும் உண்டு. ஜிம்பாப்வேயின் தேசிய மலர் இது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் களையாகப் பரவி, அழிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். அதைக் காட்டி ‘இதற்கு என்ன ஆபத்து’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் எவ்வளவு பரவினாலும் உங்கள் ஊர் வேலிக்கு அது திரும்பி வராது.

காட்டில் இதை எந்த மாதிரி இடத்தில் தேட வேண்டும்? பூ இல்லாதபோது அடையாளம் காண வழி உண்டா?
– வாசகி, மதுரை

அடர்ந்த காட்டுக்குள் தேட வேண்டாம். மேலே மரக்கூரை மூடிவிட்டால் கொடி நீளும், பூக்காது. காட்டின் ஓரம், புதர்க்காடு, பாறை இடுக்கு, ஓடைக்கரை மேடு, கோயில்காட்டின் விளிம்பு ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். அழகர்மலை, சிறுமலை அடிவாரங்கள் உங்களுக்குப் பக்கம். கடலோரத்தில் வேதாரண்யம் – கோடியக்கரை மணற்பாங்கிலும் வளரும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் மட்டும் இருக்காது, கிழங்கு அழுகிவிடும்.

பூ இல்லாதபோது இலை நுனியைப் பாருங்கள். காம்பில்லாமல் தண்டோடு ஒட்டிய, ஈட்டி வடிவ, பளபளப்பான இலை. அதன் நுனி மெலிந்து மெலிந்து, கடைசியில் சுருள்வில்லாக வளைந்திருக்கும். தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலை நுனியே பக்கத்துச் சுள்ளியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். தண்டின் அடிப்பகுதி இலைகளில் இந்தச் சுருள் அவ்வளவாக இருக்காது, மேலே போகப்போகத்தான் தெரியும்.

பூத்துவிட்டால் குழப்பமே இல்லை. மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது அலையலையான ஓரமுள்ள ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே வளைந்துவிடும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனி சிவந்து அடி மஞ்சளாக நிற்கும், நாம் படத்தில் பார்ப்பது இந்தக் கோலத்தைத்தான். முடிவில் இதழ் முழுக்கச் சிவந்துவிடும். ஒரே கொடியில் மூன்று நிறப் பூக்களும் இருந்தால் அவை மூன்று வயதுப் பூக்கள். ஆறு மகரந்தத் தாள்களும் ஆரக்கால் போலப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடங்கி, மகரந்தத்துக்கு எட்டாமல் ஒரு பக்கமாக விலகி நிற்கும்.

போன வருடம் மலையடிவாரத்திலிருந்து ஒரு கிழங்கு கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். கொடி ஓடியது, பூக்கவில்லை. இந்த வருடம் முளைக்கவேயில்லை. மண்ணில் என்ன குறை?
– வாசகர், தஞ்சாவூர்

முதலில் ஒன்று. காப்புக்காட்டிலிருந்து எடுத்திருந்தால் அது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஒரு கிழங்குதானே என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தே பல அடிவாரங்கள் காலியாகியிருக்கின்றன.

நீங்கள் எழுதிய விவரத்தை வைத்துப் பார்த்தால் மூன்று தவறுகள் நடந்திருக்க வாய்ப்புண்டு. பூக்காததற்குக் காரணம் கிழங்கின் அளவோ வெயில் குறைவோ. விரல் பருமன்கூட இல்லாத கிழங்கு பூக்காது. மறு வருடம் முளைக்காததற்குக் காரணம் அநேகமாகக் கோடையில் ஊற்றிய தண்ணீர். தை மாதத்துக்குள் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். அது சாவதல்ல, தூங்கப்போவது. ‘வாடுகிறதே’ என்று அப்போது தண்ணீர் விட்டால் கிழங்கு பூஞ்சை பிடித்து அழுகும். டெல்டாக் களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த முறை தோட்டத்தில் விளைந்த கிழங்கை வாங்கி இப்படிச் செய்யுங்கள். ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டி, அடியில் நல்ல வடிகால் துளை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. கையுறை போட்டுக்கொண்டு கிழங்கை எடுத்து, நுனிக்கண் ஒடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் அரை மணி நேரம் போட்டு எடுத்து, நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து 6 முதல் 8 செ.மீ. மண் மூடுங்கள். முளை வரும்வரை ஈரம் போதும், சேறு வேண்டாம்.

கொழுகொம்பாகப் பலரும் தடித்த மூங்கிலை நட்டுவிடுகிறார்கள். இலை நுனியால் அதைச் சுற்ற முடியாது. கொடி சரிந்து, முதல் காற்றுக்கே முறிந்துவிடும். பென்சிலைவிட மெல்லிய சுள்ளிகள் உள்ள விராலிப் புதரின் கிளை ஒன்றை அப்படியே ஊன்றுங்கள். தோட்டக்காரர்கள் விராலியையும் கிளுவையையும் பயன்படுத்துவது இதனால்தான். கொடி காய்ந்ததும் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தி, அடுத்த ஆனிவரை மறந்துவிடுங்கள்.

கதியால் வேலியை எடுத்து மதில் கட்டினோம். அதோடு கார்த்திகைப் பூவும் போய்விட்டது. அயல் வளவில் இருந்து விதை கிடைத்திருக்கிறது. விதை போட்டால் வருமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

வரும், பொறுமை வேண்டும். காய் பச்சை மாறிக் காய்ந்து, மூன்றாகப் பிளக்கும் தறுவாயில் பறித்திருக்க வேண்டும். உள்ளே செம்மஞ்சள் நிற மணிகள் இருக்கும். பிஞ்சில் பறித்த விதை முளைக்காது. விதையைச் சுற்றியுள்ள சதைத்தோலை, கையுறையோடு, மணலில் தேய்த்து நீக்குங்கள். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணல் அதிகமுள்ள மண்ணில் ஒரு அங்குல ஆழத்துக்கும் குறைவாக விதையுங்கள். ஒரே நாளில் முளைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில விதைகள் சில வாரங்களில் வரும், சில மாதங்கள் எடுக்கும், சில அடுத்த மழைக்குத்தான் தலைகாட்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டு மண்ணைக் கொட்டிவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கிற தவறு.

முதல் வருடம் ஓரிரு இலையோடு நின்று, பிறகு காய்ந்துவிடும். அடியில் பட்டாணி அளவில் ஒரு கிழங்கு மிஞ்சும். அதைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். மூன்றாம், நான்காம் வருடம் பூக்கும். மதிலோடு நட்டால் ஏற எதுவும் இராது. மதில் ஓரமாக ஒரு சிறு புதர்ச் செடியை முதலில் வளர்த்துவிட்டு, அதன் அடியில் வைக்கலாம்.

இந்தப் பூவைப் பார்த்தால் கண்வலி வரும் என்கிறார்களே?
– பெயர் ஊர் குறிப்பிடாத மாணவர்

வராது. கண்நோய் பெரும்பாலும் வைரஸால் தொற்றுவது. அது அதிகம் பரவும் மழைக்காலமும் இது பூக்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. கிழங்கின் சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரியும். அது வேறு விஷயம்.

இதன் விதைக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?
– வாசகர், கரூர்

விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது; கிழங்கைவிட விதையில் அதிகம். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கும் கவுட் நோய்க்கு இது மருந்து. முதலில் 1820இல் பிரான்சில் கோல்ச்சிகம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து பிரித்தார்கள். அதுவும் நம் காந்தளும் ஒரே குடும்பம். தசைப்பிடிப்புக்குத் தரும் தயோகோல்ச்சிகோசைடு மருந்துக்கும் மூலப்பொருள் இங்கிருந்து போகிறது. 2023இல் இதய நோயாளிகளுக்குக் குறைந்த அளவு கோல்ச்சிசினைத் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்தது. செல் பிரியும்போது குரோமோசோம்கள் பிரிந்து போகாமல் தடுக்கும் குணம் இதற்கு உண்டு. விதையில்லாத் தர்பூசணியின் தாய்ச் செடியை உருவாக்கியதும் இதே பொருளைக் கொண்டுதான். மருந்து ஆலைக்கு வேண்டியது விதை, காய்த்தோல். கிழங்கு தோண்டப்படுவது பெரும்பாலும் நடவுக்காக. காட்டைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியம்: விவசாயி தன் நிலத்திலேயே நடவுக் கிழங்கைச் சேமித்து, ஒரு மூலையில் விதை நாற்றங்காலும் வைத்துக்கொண்டால், காட்டுக் கிழங்குக்குச் சந்தையே இராது.

வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. மாடியில் வளர்க்கலாமா? தப்பித் தவறித் தின்றுவிட்டால் என்ன செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம். வேர் முதல் விதை வரை எல்லாமே நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு.

இந்த நஞ்சு ஏமாற்றும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுவலி, கடும் வயிற்றுப்போக்கு. அது கொஞ்சம் அடங்குவதுபோல இருக்கும்போதே, அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்தாக உதிரும். அதனால் ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று காத்திருக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, புளிக்கரைசல் கொடுப்பது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். தின்றதில் மிச்சமிருக்கும் துண்டையும் இலையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. இதற்கென்று கைவசம் மாற்றுமருந்து கிடையாது என்பதால் சீக்கிரம் போய்ச் சேருவது ஒன்றே வழி.

சித்த மருத்துவத்தில் இந்தக் கிழங்கு உண்டு. ஆனால் சுத்தி (நஞ்சை முறிக்கும் பக்குவம்) செய்த பிறகே சேர்ப்பார்கள். சுகப்பிரசவத்துக்கு அரைத்துப் பூசுவது போன்ற கைவைத்தியம் எதையும் வீட்டில் முயல வேண்டாம்.

கொடியில் கருப்பும் சிவப்பும் வெள்ளைப் புள்ளியுமாகப் புழுக்கள். இரண்டே நாளில் இலையெல்லாம் போய்விட்டது. மருந்து அடிக்கலாமா?
– வாசகர், தாராபுரம்

அது லில்லிப் புழு, பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் குட்டி. காந்தளைத் தின்றே வாழப் பழகியது. அந்த நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை. வீட்டில் நாலைந்து கொடி என்றால் காலையில் கையுறையோடு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாலே போதும். மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும் என்பதால், தாக்கிய கொடியின் அடிமண்ணை லேசாகக் கிளறி வெயில் காட்டலாம். கிழங்கு ஆழத்துக்குப் போகாமல் மேலாகக் கிளறுங்கள். காட்டிலும் வேலியிலும் இதைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். கிழங்கு நன்றாக இருந்தால் அடுத்த மழைக்கு முளைத்துவிடும்.

தோட்டக்காரருக்கு எங்கள் கருத்து: பூக்கும் பருவத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் வண்ணத்துப்பூச்சியும் வராது. பிறகு காய் பிடிக்கவில்லை என்று கூலிக்கு ஆள் வைத்துத் தூரிகையால் மகரந்தம் தொட வேண்டியிருக்கும். சூல்முடி விலகி நிற்பதால் தானாகக் காய்ப்பது குறைவு. கைத்தொடுப்புக்கு ஏற்ற நேரம் காலை 8 முதல் 11 மணி வரை. அன்று விரிந்த பூவின் சூல்முடியில், பக்கத்துக் கொடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். மழைத்தூறலில் செய்தால் மகரந்தம் நனைந்து வீணாகும்.

எங்கள் ஊர்க் கோயில்காட்டில் உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் எடுக்கப்போகிறோம். உள்ளே காந்தள் கொடிகள் இருக்கின்றன. அவை சாகாமல் எப்படிச் செய்வது?
– இளைஞர் குழு, புதுக்கோட்டை மாவட்டம்

வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டீர்கள், நல்லது. இந்த மாதிரிச் சுத்தம் செய்யும் வேலையில்தான் அதிகக் கிழங்கு அழிகிறது.

இப்போது, பூ இருக்கும்போதே, ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கொடியும் மண்ணிலிருந்து கிளம்பும் இடத்தில் ஒரு முழக் கம்பு அடித்து வண்ணம் பூசுங்கள். கொடி ஏறியிருக்கும் புதரில் துணி கட்டினால் போதாது. தண்டு நான்கைந்து அடி தள்ளிக் கிளம்பியிருக்கலாம். தை கழிந்தால் மேலே ஒரு தடயமும் இராது. எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது.

வெட்டும் வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு தூக்கத்தில் இருக்கும், மண்ணும் காய்ந்திருக்கும். ஜேசிபி வேண்டாம். உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள் இரண்டு, மூன்று அங்குலம் தோண்டி, தூருக்குக் கீழே வேரை வெட்டி, தூரைக் கவிழ்த்துப் போட வேண்டும். கம்பு அடித்த இடத்தைச் சுற்றி இரண்டடி தூரத்துக்குள் மட்டும் தோண்டாதீர்கள். அங்கே தரையோடு வெட்டிவிட்டு, துளிர் வரவரக் கிள்ளி விடுங்கள். இரண்டு மழை அப்படிச் செய்தால் அடங்கிவிடும்.

வெட்டியதை அங்கேயே குவித்துக் கொளுத்த வேண்டாம். குவியலுக்கு அடியில் சூடு ஆழமாக இறங்கிக் கிழங்கு வெந்துபோகும். வெளியே இழுத்துப் போடுங்கள்.

எல்லாவற்றையும் மொட்டையாக்கிவிடாதீர்கள் என்பது இன்னொன்று. காரை, சூரை, விராலி, கிளுவை ஆகிய நம் புதர்களை நிற்க விடுங்கள். அவை இல்லாவிட்டால் காந்தள் தரையில் படர்ந்து, ஆடுமாடு மிதித்து, பூக்கும் முன்பே போய்விடும். உண்ணிச்செடியைத் தவிர ஏறுவதற்கு வேறு எதுவும் இல்லாத இடத்தில், முதல் வருடம் விராலிக் கிளைகளை வெட்டி ஊன்றிக் கொடுங்கள். காய் வெடித்து விழும் விதையைக் கூட்டிப் பெருக்காமல் விட்டாலே போதும். புதிதாக எதையும் கொண்டுவந்து நட வேண்டிய தேவையில்லை.

இணையத்தில் செங்காந்தள் கிழங்கு விற்கிறார்கள். காட்டுக் கிழங்கா, தோட்டக் கிழங்கா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், சென்னை

பார்த்து முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த ஊர்த் தோட்டம், எந்த மாதம் தோண்டியது, எத்தனை கிராம் என்று கேளுங்கள். தோட்டக்காரர் காய் பறித்து முடித்து, கொடி காய்ந்த பிறகுதான் தோண்டுவார். கொடி பச்சையாக இருக்கும் கார்த்திகையில் ‘புதுக் கிழங்கு’ என்று பூவோடு படம் போட்டு விற்றால் வாங்காதீர்கள். அகன்ற இதழும் மஞ்சள் கரையுமாக நர்சரிகளில் கிடைக்கும் ‘ரோத்ஸ்சைல்டியானா’, கொய்மலர் வணிகத்துக்காக வளர்க்கப்படும் வகை. பால்கனிக்கு அழகுதான். ஊர்ப்புற நிலம் இருந்து, வேலியில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அது வேண்டாம். அந்தப் பகுதியிலேயே விளைந்த விதையைத் தேடுங்கள்.

காய்ந்த கொடியை மாட்டுக்குப் போடலாமா?
– வாசகர், அரியலூர்

கூடாது. காய்ந்தாலும் நஞ்சு இருக்கும். வேலி கழிக்கும்போது தீவனத் தழையோடு கலந்துவிடாமல் பிரித்தெடுத்துப் புதைத்துவிடுங்கள். தின்றுவிட்ட மாட்டுக்குக் கழிச்சல் தொடங்கும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.